கொட்டில் பிறகு, பைப் இப்பவே

குசினியிலிருந்து கிணற்றடி வரை நிலம் கிண்டியிருக்கிறது, ரைல்ஸ் இன்னும் பதிக்கவில்லை. பின்வளவில் என்றைக்காவது ஒரு வேலைக் கொட்டில் போடுவேன். அதற்குக் கரண்ட் வயர் போகிற பைப்பை இப்போதே தாட்டுவிட்டோம்.

"அண்ணை, வயரையும் இழுத்து விடுவமே?" என்றான் வயரிங் தம்பி. வேண்டாம். வெல்டிங் மெஷின் வருமா, வெறும் லைட்டும் ஃபேனுமா என்று தெரியாமல் வயரின் தடிப்பை எப்படித் தீர்மானிப்பது? பிறகு வயரைக் கட்டி இழுக்கப் பைப்புக்குள் நைலோன் கயிறு மட்டும் கிடக்கிறது. சட்டென்று மடங்கும் எல்போ மூட்டு போடவில்லை, தடித்த வயர் அதில் இறுகும், அகலமான வளைவுதான் நல்லது. இன்டர்நெட்டுக்கு வேறு பைப். மெயின் பெட்டியில் ஒரு பிரேக்கருக்கு இடம் விட்டாயிற்று. கொட்டிலுக்கென்று, கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் தனியாக வரும்.

செம்மண் இரண்டடிதான், கீழே சுண்ணாம்புக் கல், அலவாங்கே திணறியது. மூடுமுன் மதிலிலிருந்து தூரம் அளந்து போட்டோ எடுத்தேன். வாழைக்குக் குழி வெட்டுகிறவருக்குப் பைப் இருப்பது தெரியாதே.

அம்மாவுக்கு அங்கே கோழிக்கூடுதான் வேண்டுமாம். சரி, கோழிக்கும் லைட் வேணும்.