முதல் மூன்று நிமிடப் படம்: சென்னையில் குறும்படப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

வார இறுதி வகுப்பு, கோடை விடுமுறை முகாம், நூலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ சில வாரங்கள் நடக்கும் பயிற்சி என்று முதல்முறை படம் எடுப்பவர்களுக்குச் சென்னையில் வழிகள் உண்டு. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் நான்காண்டுப் படிப்போடு இவற்றை ஒப்பிட வேண்டாம். இங்கே கிடைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு சின்னப் படத்தை நாலு பேரோடு சேர்ந்து எடுத்து, எடிட் செய்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் போட்டுக் காட்டுவது. அந்த வகுப்பில் அது நடக்குமா என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

சேரும் முன் நேராகக் கேளுங்கள். ஒரு கேமராவுக்கு எத்தனை பேர்? ஐந்து பேருக்கு மேல் போனால் மிச்சப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். இயக்கம், கேமரா, ஒலி, கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்வது) எல்லாம் எல்லோருக்கும் முறைவைத்து வருமா? எடிட்டுக்கு எத்தனை மணி நேரம்? பல வகுப்புகளில் பேச்சுக்கே நேரம் போய், எடிட் கடைசி நாள் மாலையில் வந்து நிற்கும். முடித்த படம் யாருக்குச் சொந்தம், விழாக்களுக்கு நீங்களே அனுப்பலாமா? இதற்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு பெரும்பாலும் ஒரு பக்கக் கதைச் சுருக்கம் கேட்பார்கள். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எங்கே நடக்கிறது, இது மூன்றும் அதில் இருந்தால் போதும். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், நீதிமன்றம் என்று எழுதினால் லொக்கேஷன் தேடியே வகுப்பு முடிந்துவிடும். மெரினா, ரயில் நிலையம், மெட்ரோ இவற்றில் முன் அனுமதி இல்லாமல் ஸ்டாண்டை விரித்தால் சில நிமிடங்களில் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். மொட்டை மாடி, ஹவுசிங் போர்டு படிக்கட்டு, தெருமுனை இஸ்திரிக் கடை போன்ற, கேட்டால் கிடைக்கிற இடத்திலிருந்து கதையை யோசியுங்கள். திரைக்கதை ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று நிமிடப் படத்துக்கு மூன்று பக்கம், இருபத்தைந்து முப்பது ஷாட். அதற்கு மேல் எழுதினால் ஒரே நாளில் எடுத்து முடிக்க முடியாது.

போன் கேமராவில் முதலில் ஆட்டோ மோடை அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்) 25, ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) வினாடியில் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு நூறு முறை மின்னும். 1/50 ஷட்டரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு மின்னல் விழும், அதனால் படம் நிலையாக இருக்கும். 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் சுவரில் கறுப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ், நிறம் மாறாமல் வைக்கும் அமைப்பு) ஃபோகஸையும் பூட்டிவையுங்கள். வெளியே 1/50 வைத்தால் வெயிலில் எல்லாம் வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்டுங்கள் அல்லது நிழலுக்குள் வாருங்கள். காலை ஒன்பதுக்குள், மாலை மூன்றரைக்குப் பிறகு வெளிக்காட்சி. நடுப்பகலில் கண்குழி கறுத்துவிடும். வேறு நேரம் இல்லையென்றால் வெளிச்சம் முகத்தில் திரும்பி விழும்படி வெள்ளைத் தெர்மாகோல் பலகையைக் கீழிருந்து பிடியுங்கள். மாலை வெளிச்சத்தை நம்பி ஷாட் வைத்தால் அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது நவம்பரில் 5.40, ஜூலையில் 6.40 வாக்கில்.

முதல் படங்கள் தோற்பது பெரும்பாலும் ஒலியில்தான். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் மனம் விலகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கும் சாதாரண வயர் காலர் மைக் போதும். அதை இன்னொரு போனில் செருகி, ஏரோபிளேன் மோடில் போட்டு, நடிப்பவரின் பையில் வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. கஞ்சி போட்ட சட்டை, பட்டுப் புடவை, தாலிச் சங்கிலி மூன்றும் மைக்கில் உரசும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பால் மைக்கைத் துணியோடு ஒட்டுங்கள், வயரில் ஒரு சுற்று தளர்வாக விடுங்கள். ரெக்கார்டிங் ஆப்பில் ஒலி அளவைக் காட்டும் கோடு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சத்தமான வசனத்தை ஒத்திகையிலேயே பேசிப் பாருங்கள்.

மின்விசிறியை டேக்குக்கு (ஒரு ஷாட்டை ஒருமுறை எடுக்கும் நேரத்துக்கு) மட்டும் நிறுத்துங்கள், நடுவில் போடுங்கள். இல்லாவிட்டால் முகம் வியர்த்து ஷாட்டுக்கு ஷாட் மாறும். ஃபிரிட்ஜையும் அணையுங்கள், வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்பப் போட மறக்கமாட்டீர்கள். வெறும் அறையில் எதிரொலி வரும், ஜமுக்காளம் விரித்தால் குறையும். மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் விமானமும், கடற்கரை – தாம்பரம் தடத்தை ஒட்டி மின்சார ரயிலும் வரும். அடக்கிக்கொண்டு எடுக்காமல் நிறுத்திக் காத்திருங்கள், பாதி வசனத்தில் ரயில் சத்தம் வெட்டுப்பட்டால் அந்த இடத்தை ஒட்டவே முடியாது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் பள்ளங்களை அடைக்க அதுதான் உதவும். டேக் தொடங்கும்போது கையைத் தட்டுவது, தனியே பதிந்த ஒலியைப் படத்தோடு பொருத்துவதற்கு. ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு ஐந்து நொடி முன்பே ரெக்கார்ட், ‘கட்’டுக்குப் பிறகும் ஐந்து நொடி ஓடட்டும்.

ஃபுட்டேஜை, அதாவது எடுத்த காட்சிகளை, வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கிப்போகும், கேபிளில் எடுங்கள். ஒரு மணி நேர 4கே ஃபுட்டேஜ் போனைப் பொறுத்து 10 ஜிபியிலிருந்து 20 ஜிபிக்கு மேலும் போகும். இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகே போனில் அழிக்க வேண்டும். போனின் சொந்த கேமரா ஆப் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதியும். நீளமான டேக்கில் உதடும் ஒலியும் விலகுவது பெரும்பாலும் அதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்று மென்பொருளில் 25 நிலையான ஃபிரேமாக மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். எடிட் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் முதல் கிளிப்பை உள்ளே போடும் முன்பே டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை 25க்கு வையுங்கள். பிறகு மாற்ற விடாது.

ஆவணப்படம் எடுப்பவர்கள் ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, பேசுபவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். காப்பகத்தில் இருக்கும் சிறுவர்கள், வழக்கில் சிக்கிய சிறுவர்கள் ஆகியோரின் முகமோ பெயரோ பள்ளியோ வெளிவரக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. பெற்றோர் சம்மதித்தார்கள் என்பது அங்கே செல்லாது.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மறைந்த பிறகும் அவர்கள் வரிக்கும் மெட்டுக்கும் 60 ஆண்டு. விழாக்கள் உரிமைக் கடிதம் கேட்கும், யூடியூப் ஒலியை முடக்கவும் கூடும். தெருவில் தவில் வாசிக்கும் கலைஞரிடமோ, கானா பாடும் நண்பரிடமோ அனுமதியும் சன்மானமும் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அந்த இசை உங்கள் தெருவின் ஒலியாகவும் இருக்கும். ஆங்கில சப்டைட்டிலைத் தனி எஸ்ஆர்டி கோப்பாக (வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் உள்ள எழுத்துக் கோப்பு) வையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரி 42 எழுத்துக்குள். தமிழ் தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு விழாவுக்கு அனுப்புங்கள்.