ஆசிரியரின் மன அழுத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படி அளப்பது

ஆசிரியர்களின் மன அழுத்தம் என்றாலே அடங்காத மாணவர்கள்தான் காரணம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கிறிஸ் கிரியாகோவும் ஜான் சட்க்ளிஃபும் இங்கிலாந்து ஆசிரியர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். மாணவர் நடத்தையோடு நேர நெருக்கடி, மோசமான பணிச்சூழல், பள்ளியின் பொதுப்போக்கு ஆகியவையும் அதில் காரணங்களாக வந்தன. 2018இல் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு) பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் என்ற ஆய்வில், நிர்வாக வேலை அதிகம் என்பதை ஏறத்தாழ பாதி ஆசிரியர்கள் அழுத்தத்துக்குக் காரணமாகச் சொன்னார்கள்.

நேர நெருக்கடி எப்படி உருவாகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர் என்றால் 200 நோட்டுகள். ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 400 நிமிடம். வாரத்தில் 40 நிமிட ஓய்வு பாடவேளை எட்டு கிடைத்தால் கையில் இருப்பது 320. விடுப்பில் போனவர்களின் வகுப்புக்கு அதில் மூன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் 200. மீதிப் பாதி வேலை பையில் ஏறி வீட்டுக்குப் போகிறது. வருகைப்பதிவு, மதிப்பெண் பட்டியல், ஒரே விவரத்தைக் காகிதத்திலும் கணினியிலும் இருமுறை ஏற்றுவது எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

வேலையின் அளவைவிட, எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாததுதான் அதிகம் வதைக்கிறது என்பது என் கருத்து. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த மாதிரியும் இதையே சொல்கிறது: வேலையின் கெடுபிடி கூடி, கட்டுப்பாடு குறையும் இடத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். காலை முதல் மணிக்கு முன்னால் வந்து, "இன்றைக்கு மூன்றாவது பீரியட் 8-பி போங்க" என்று நீட்டப்படும் துண்டுச்சீட்டு 40 நிமிட வேலைதான். ஆனால் அன்றைய திட்டம் மொத்தத்தையும் கலைத்துவிடும்.

அளவிட எளிய வழி, உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983இல் உருவாக்கிய உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலின் 10 கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 13 வரை குறைவு, 14 முதல் 26 வரை நடுத்தரம், 27 முதல் 40 வரை அதிகம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். 4, 5, 7, 8ஆம் கேள்விகள் நேர்மறையானவை, அவற்றுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போடவேண்டும். மறந்தால் எல்லாருடைய மொத்தமும் நடுவில் வந்து நிற்கும்.

பள்ளி அளவில் செய்யும்போது பெயர் கேட்கவே கூடாது. சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. பதினைந்து பேரில் பத்துப் பேர் ஆளுக்கு 10, ஐந்து பேர் ஆளுக்கு 34 என்றால் சராசரி 18. தாளில் "நடுத்தரம்", உள்ளே ஐந்து பேர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண் அளவைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிய, தேர்வு இல்லாத ஒரு சாதாரண வாரத்தில், ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் 0 முதல் 4 வரை ஓர் எண், பக்கத்தில் ஒரே ஒரு சொல்: சத்தம், திருத்தல், பெற்றோர், பதிவேடு. மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் அன்றைய பெரிய சண்டை மட்டும்தான் நினைவில் நிற்கும். வாரக் கடைசியில் காரணவாரியாகக் கூட்டுங்கள். ஒரே ஒருமுறை 4 போட்ட பெற்றோர் வாக்குவாதத்தைவிட, பன்னிரண்டு முறை 2 போட்ட சலசலப்பு ஆறு மடங்கு கனமாக இருக்கும்.

திருத்தல் முதலிடம் என்றால் சுழற்சிக்கு வாருங்கள். வாரம் ஒரு பிரிவுக்கு மட்டும் முழுத் திருத்தம், அது 80 நிமிடம். மற்ற 160 நோட்டுகளில் ஒரே ஒரு விடை, ஆளுக்கு அரை நிமிடம், இன்னொரு 80. ஐந்து ஓய்வு பாடவேளைக்குள் முடிந்துவிடும். மேற்பார்வைக்கு வருபவர் எல்லா நோட்டிலும் சிவப்பு மையைத் தேடினால் இது நடக்காது. தலைமையாசிரியரிடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்குங்கள்.

சலசலப்பு முதலிடம் என்றால், சத்தத்துக்கு மேல் சத்தம் போடாதீர்கள். இரைச்சலில் எல்லாருமே தானாகக் குரலை உயர்த்துவார்கள், கடைசியில் தொண்டை கட்டுவது உங்களுக்குத்தான். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, பேசும் பிள்ளையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். திங்களன்று விட்டுவிட்டுச் செவ்வாயன்று வெடித்தால் எந்த விதியும் நிற்காது.

சோர்வு, மாணவர்மேல் விலகல், "என்னால் எதுவும் ஆகவில்லை" என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தால் அது வேறு கட்டம். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வகுத்த பணிச்சோர்வு அளவுகோல் பார்ப்பது இந்த மூன்றைத்தான். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, பணி சார்ந்த நிலை என்கிறது. ஆனாலும் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, விடுமுறையிலும் மனம் தெளியாவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

மாற்றம் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஆறு வாரம் கழித்து, அதேபோன்ற தேர்வில்லாத வாரத்தில் மறுபடி எண் போடுங்கள்.