தடைக்காலத்தில் அனுப்புங்கள்

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. அதில் 150 மணி நேரம் வெளிப் பட்டறையில் வேலை பழக வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஓஜேடி என்போம். பக்கத்தில் பட்டறை கிடைக்காத ஊரில் குழுவாகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்து காட்டிவிடலாம். ராமநாதபுரம் கடற்கரையில் அந்தச் சாக்கு செல்லாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று விசைப்படகு நிற்கிற இடத்திலெல்லாம் என்ஜின் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பையன்களை அங்கே சேர்த்துவிடுவது, அவ்வப்போது போய்ப் பார்ப்பது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வருவது, இதெல்லாம் பல வருடமாக என் பொறுப்பு.

நல்ல பட்டறையாகப் பிடித்துக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்பார்கள். பட்டறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மாதம் அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் நிறுவனத்தில் நவம்பர், டிசம்பரில் அனுப்புவதே வழக்கமாக இருந்தது. பாடம் ஓரளவு நடந்திருக்கும், பரீட்சை தூரத்தில் இருக்கும், அலுவலகத்துக்கு வசதி. கடலுக்கு அது மழைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, படகு கட்டிக் கிடக்கும். சும்மா கிடக்கிற படகை ரிப்பேர் பார்க்கலாமே என்று நமக்குத் தோன்றும். தொழிலுக்குப் போகாதவர் கையில் காசு ஏது? ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். பட்டறைக்கு வந்த ஒரே என்ஜினைச் சுற்றி முதலாளியும் அவருடைய ஆட்களும் நிற்பார்கள். நம் பையனுக்கு நட்டு, போல்ட்டை டீசலில் கழுவுகிற வேலை, அப்புறம் டீக்கடைக்குப் போகிற வேலை. 150 மணி நேரம் மட்டும் பதிவேட்டில் பிசகாமல் வந்துவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கதையே வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பலகை பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள். வருடம் பூராவும் தள்ளிப்போட்ட என்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் பட்டறைக்கு வரும். ஜூன் பிறந்தால் எல்லா ஓனரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஆள் பற்றாது. ஆள் பற்றாதபோதுதான் பையன் கைக்கு ஸ்பானர் வரும். மாணவருக்குச் செயல்முறை வாய்ப்பு அளிக்கவும் என்று நாங்கள் கடிதம் கொடுப்போம், பட்டறைக்காரரும் வாங்கி ஆணியில் குத்திவைப்பார். அவரிடம் செல்லுபடியாவது அவருடைய நெருக்கடிதான்.

வகுப்பில் பையன்கள் பிரித்துப் பூட்டுவது லாரி, டிராக்டர் என்ஜின். படகில் இருப்பதும் பெரும்பாலும் அந்த வம்சம்தான். ஆனாலும் முதல் நாள் இறங்கிப் பார்த்ததும், “ரேடியேட்டர் எங்க சார்?” என்று கேட்காத பையன் கிடையாது. ரேடியேட்டர் இல்லை. என்ஜினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரின் சூட்டைக் கடல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும். கடல் தண்ணீரை இழுக்கிற பம்பில் இம்பெல்லர் என்று ஒரு ரப்பர் இதழ்ச் சக்கரம். உறிஞ்சுகிற வழியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்து பம்ப் வறட்டு ஓட்டம் ஓடினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் இதழ் பிய்ந்துவிடும். புது இம்பெல்லர் மாட்டினால் மட்டும் போதாது. பிய்ந்த துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது உள்ளே எங்கோ குழாயில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மண்டபத்தில் ஒரு பட்டறை. நடத்துகிறவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். தடை முடியப்போகிற நேரம், தண்ணீரில் இறக்கிய படகில் கிளாண்டை இறுக்கச் சொல்லி ஒரு பையனை அனுப்பியிருந்தார். படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு படகின் பின்பக்கம் வழியாக வெளியே போகிற இடத்தில், கடல் தண்ணீர் உள்ளே வராமல் கிரீஸ் ஏற்றிய கயிற்றைச் சுற்றி நட்டால் அழுத்தி வைத்திருப்பார்கள். பையன் நன்றாக இறுக்கிவிட்டு, “சொட்டு நின்னுருச்சு பாய்” என்றான். பாய் திட்டவில்லை. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தினார். “இப்ப கிளாண்டு மேல கைய வைடா தம்பி.” வைத்த வேகத்தில் எடுத்தான்.

“சுடுதா? தண்டு சுத்தும்போது சொட்டுச் சொட்டா தண்ணி வரணும். அதுதான் கயித்த நனைச்சுக் குளிர வைக்குது. நீ அடைச்சிட்டா கயிறு கருகி, தண்டுல வரி விழும். புதுத் தண்டு என்ன விலைன்னு ஓனர்ட்ட கேட்டுப் பாரு.”

சூடு ஆறியதும் பையன் நட்டைத் துளித் துளியாகத் தளர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி தளர்த்தி, சொட்டு வருகிற பதத்துக்குக் கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது. ஆனால் பதிவேட்டில் ‘செய்த வேலை’ என்ற கட்டத்தில் காலையிலேயே எழுதிவைத்திருந்தான்: ‘கசிவு நிறுத்தப்பட்டது.’ அப்படியே விட்டிருந்தாலும் மார்க் கிடைத்திருக்கும். படிவம் போட்டவர்களுக்குக் கசிவு என்றால் கோளாறு. பையன் தனியாகக் கழற்றி மாட்டியது என்ன, எத்தனை முறை என்று ஒரு கட்டம் சேருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

சம்பளம் உண்டா என்று வீட்டில் கேட்பார்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு செய்வது அப்ரண்டிஸ் பயிற்சி. பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்தபின் போவது. இது படிப்புக்குள்ளேயே வருகிற பயிற்சி, சம்பளம் கிடையாது. பாய் மாதிரி ஒருசிலர் சாப்பாடு போட்டு பஸ் காசும் தருவார்கள். என்னைக் கேட்டால் பஸ் காசை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வருகிற செலவுக்கு யோசித்தே நின்றுபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்லோரையும் தடைக்காலத்தில் அடக்க முடியாது, அத்தனை பேரைப் பட்டறைகள் தாங்காது. மீதிப் பேரை ஜனவரி, பிப்ரவரியில் அனுப்புகிறோம். அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை திரும்பும், திங்கள் மறுபடி போக வேண்டும். இடையில் இருக்கிற ஞாயிறு பகலில்தான் டீசல் தெளிக்கிற நாசில் மாற்றுவது, பெல்ட் மாற்றுவது, பம்ப் பார்ப்பது எல்லாம். எங்கள் வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை. வேலை இருக்கிற நாளில் பையன் வீட்டில் இருப்பான், படகெல்லாம் கடலில் இருக்கிற திங்களன்று பட்டறையைப் பெருக்குவான்.

இந்த வருடம் ஞாயிறு வேலை, திங்கள் லீவு என்று ஒருவழியாகப் பேசி மாற்றியிருக்கிறோம். தங்கச்சிமடத்து அம்மா ஒருவருக்கு மட்டும் சம்மதமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையை விட முடியாது என்றார். பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“பூசை முடிஞ்சே வரட்டும் சார். படகு கரைக்கு வந்து மீன் இறக்கி முடிக்கவே நேரமாயிரும். அதுக்கு மொதல்ல வந்து அவன் என்ன செய்யப் போறான்?”