20ஆம் தேதி வரைக்கும்

டிசம்பர் 4

குளிர்கால வானிலை முன்னோக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே வரைபடம். எங்கள் ஊர் வெளிறிய பச்சையில் இருக்கிறது. இயல்பைவிட அதிக மழையும் பனிப்பொழிவும் இருக்க 40 சதவீதம் வாய்ப்பாம். படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

அப்புறம்தான் அடிக்குறிப்பைப் படித்தேன். 1991 முதல் 2020 வரை வந்த குளிர்காலங்களை வறண்டவை, நடுத்தரம், ஈரமானவை என்று மூன்று சமபங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஆளுக்கு 33 வந்துவிடும். 40 என்றால் கொஞ்சம் ஈரப் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். பசிபிக்கில் லா நினாவாம், அதாவது அங்கே கடல் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது, அதனால் சாய்கிறதாம். சாயட்டும். மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள், அப்பாவைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கூட்டிப் போக வேண்டிய 20ஆம் தேதி.

டிசம்பர் 5

வெயில்.

டிசம்பர் 7

அப்பாவின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "அது என்னம்மா மேகம்?" என்றார். சின்னச் சின்ன உருண்டைகளாக வானம் முழுக்க அடுக்கி வைத்திருந்தது. கீற்றுத்திரளா, இடைப்பட்ட திரளா என்று சந்தேகம். இதற்கு விரல் கணக்கு உண்டு. தலைக்கு மேலே இருக்கும் மேகத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஓர் உருண்டை சுண்டுவிரலுக்குள் மறைந்தால் அது மிக உயரத்திலுள்ள கீற்றுத்திரள். மறைய மூன்று விரல் வரை வேண்டியிருந்தால் இடைப்பட்ட திரள். அப்பாவும் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். விரல் நடுங்கியதில் உருண்டை மறைவதும் தெரிவதுமாக இருந்தது. இடைப்பட்டதுதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

மேகங்களுக்குத் திரள், படை (விரிப்பு), கீற்று, கார் (மழைமேகம்) என்று அர்த்தம் வரும் லத்தீன் பெயர்களை 1802இல் வைத்தவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். அந்த நாலையும் கலந்து கட்டித்தான் இன்றைக்குப் பத்து வகை. மருந்துக்காரர் என்றதும் அப்பா சிரித்தார்.

டிசம்பர் 8

இருமல் இரவெல்லாம்.

டிசம்பர் 10

காலையில் எதிர்வீடே தெரியவில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டு நடுங்குகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, ஈரம் மூடுபனியாகிவிடுகிறது. மேகம் இருக்கும் இரவுதான் இதமாக இருக்கிறது, சூட்டைத் தடுத்து அது திருப்பி அனுப்புவதால். ஆக, தெளிந்த வானம் நல்லது என்றும் சொல்ல முடியவில்லை. எது வந்தாலும் பயப்பட ஒரு காரணம் கிடைக்கிறது எனக்கு.

வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மேகம் என்று குறிப்பார்கள். வானமே தெரியாவிட்டால் 9 போட வேண்டும். இன்றைக்கு 9.

டிசம்பர் 12

இன்று முழுக்க ஜன்னலிலேயே. எழுதி வைக்கிறேன், 20க்கு உதவும்.

விடியலில் மேற்கே கீற்று, நுனி வளைந்த வெள்ளை இழைகள். அத்தனையும் பனிப்படிகம். விமானக் கோடு கலையாமல் அகன்றுகொண்டே போனது. மேலே ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பத்து மணிக்கு வானம் பால் கலந்த மாதிரி ஆனது, கீற்றுப்படை. மத்தியானம் இடைப்பட்ட படை வந்தது. சூரியன் தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாகத் தெரிந்தது. வாசலில் போய் நின்று பார்த்தேன், நிழல் விழவில்லை. நிழல் விழாவிட்டால் இடைப்பட்ட படை, இதை மறக்கக் கூடாது. வெப்பக்காற்று குளிர்காற்றின் மேல் சரிவில் ஏறுவதுபோல ஏறி வருகிறது, அதனால்தான் உயரத்து மேகம் முதலிலும் தாழ்ந்தது கடைசியிலும். இருட்டும்போது கார்படை. சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. எட்டு மணிக்கு மழை, ஒன்பதரைக்குப் பனி.

விடியலிலிருந்து இரவு வரை. அவ்வளவுதான் அவகாசம்.

டிசம்பர் 13

கணவாயை மூடிவிட்டார்கள்.

டிசம்பர் 14

இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் பனியாக விழுந்தால் சுமார் பத்து சென்டிமீட்டர் குவியுமாம். இதையெல்லாம் ஏன் தேடிப் படிக்கிறேன்? தங்கை போன் செய்து, "அக்கா, நீ வானத்தைப் பார்க்கறதை விட்டுட்டு மொதல்ல தூங்கு" என்றாள். அவளுக்கென்ன, கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

டிசம்பர் 16

ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. 20ஆம் தேதிக்கு முன்னறிவிப்பு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலையில் 'தூறல்', மாலையில் 'கனத்த பனி'. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 17

மலைமேல் லென்ஸ் வடிவில் வில்லை மேகம். அந்த உயரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, மேகம் மட்டும் அசையவே இல்லை. மலையில் மோதி ஏறும் காற்று ஒரு பக்கம் மேகமாகிக்கொண்டே, மறுபக்கம் இறங்கிக் கரைந்துகொண்டே இருக்கிறது. அப்பா அதைப் பார்த்தபடியே கஷ்டப்படுத்தாமல் சாப்பிட்டார்.

டிசம்பர் 18

ராத்திரி பதினொன்று. நிலாவைச் சுற்றி வட்டம். கையை நீட்டி விரல்களை விரித்து அளந்தேன். கட்டைவிரல் நிலாவில், சுண்டுவிரல் வட்டத்தின் விளிம்பில். 22 பாகை, கீற்றுப்படையேதான். அகல்வட்டம் பகல் மழை என்று பாட்டி சொல்வாள். எல்லா வட்டத்துக்கும் மழை வருவதில்லை என்றும் படித்திருக்கிறேன். இரண்டில் எதை நம்புவது?

டிசம்பர் 19

காலை ஏழு. சூரியன் இருக்கிறது, வாசலில் நிழல் இல்லை.

ஏழேகால். வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, நாளைக்கு வேண்டாம், இன்னிக்கே போயிடலாமா?" ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. வெளியே போய்ப் பார்த்திருப்பார் போல. "ஒன்பது மணிக்கு வரேம்மா, ஐயாவை ரெடி பண்ணுங்க" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம். தங்கை வீட்டுக்குச் சொல்லியாயிற்று. கம்பளி, மாத்திரைப் பை, பழைய ரிப்போர்ட், வெந்நீர்க் குடுவை. அப்பாவின் காலுறையில் ஒன்றைக் காணவில்லை