கால் மணி நேர மௌனம்

'தி மெக்கானிக்' படத்தின் கதையை நான் முதலில் கேட்டது ஒரு கராஜில். 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பெற்றோலுக்குத் தடை. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அந்தத் துளிகளைச் சிந்தாமல் விடுவதுதான் கராஜ்கார அண்ணை எனக்குப் பழக்கிய முதல் வேலை.

அண்ணை கொழும்பில் வேலை செய்த காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர். 1972இல் மைக்கேல் வின்னர் இயக்கியது. கூலிக்குக் கொலை செய்யும் பிஷப்பாக சார்ள்ஸ் பிரான்சன். எதிர்வீட்டு மனிதனை நோட்டம் பார்க்கிறார். அவன் வெளியே போனதும் உள்ளே நுழைகிறார். தேயிலையில் மருந்தைக் கலக்கிறார், அடுப்பின் எரிவாயுவைக் கசிய விடுகிறார், புத்தகமொன்றில் வெடிபொருளை ஒளிக்கிறார். இரவில் அந்தப் புத்தகத்தை நோக்கித் துப்பாக்கியால் ஒரே ஒரு சூடு. கால் மணி நேரத்துக்கு மேல் படத்தில் வசனமே கிடையாது. அண்ணையும் அதைப் பேசாமலே நடித்துக் காட்டினார். ஸ்பானரை வைத்த இடமும், கறுத்த விரல்களால் இல்லாத தேயிலைப் பேணியை மூடிய விதமும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

சைமன் வெஸ்ட் 2011இல் அதை மறுபடி எடுத்தபோது டிவிடி வாங்கிவந்து அன்றிரவே பார்த்தேன். ஜேசன் ஸ்டேதம் கெட்டிக்காரர். மாணவன் ஸ்டீவாக வரும் பென் ஃபாஸ்டர் அவரையும் விஞ்சுகிறார். அந்தக் கண்களில் உள்ள காயம் பொய்யில்லை. ஆனால் நான் காத்திருந்த மௌனம் வரவேயில்லை.

முடிவைச் சொல்லாமல் என் கோபத்தைச் சொல்ல முடியாது. இரண்டு படங்களிலும் பிஷப் தான் கொன்றவரின் மகனுக்கே தொழில் பழக்குகிறார். பழைய படத்தில் மாணவன் நேப்பிள்ஸில் குருவின் மதுக்கிண்ணத்தில் நஞ்சு பூசி வைக்கிறான். ஊர் திரும்பிக் காரில் ஏறினால், அவனுக்கென்று ஒரு கடிதம். படித்து முடித்ததும் கார் வெடிக்கிறது. குரு அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

"என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டேதான் பழக்கியிருக்கிறான், தம்பி," என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் வேறெதுவும் பேசவில்லை.

புதிய படத்தில் ஸ்டீவ் பெற்றோல் நிலையத்தில் தரையெல்லாம் பெற்றோலை ஓடவிட்டுக் கொளுத்துகிறான். துளித் துளியாக எண்ணி விட்ட எனக்கு அதைப் பார்க்கவே நெஞ்சு பதறியது. அதிலிருந்தும் பிஷப் தப்பிவிடுகிறார். மாணவன் மட்டும் சாகிறான். தகப்பனைக் கொன்றதற்குப் பழி என்ற நேரான காரணத்தையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய படத்தில் மாணவனுக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை. அதனால்தான் அவனைக் கண்டு பயந்தோம். கதாநாயகன் வென்றான் என்று எழுந்து போக வைக்கும் கதையா இது? குருவைப் பிழைக்க வைத்ததால், அவர் தெரிந்தே கொடுத்த விலை இல்லாமல் போய்விட்டது.

அண்ணை காலமாகிவிட்டார். கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் ஜெட்டின் துளையைச் சுத்தம் செய்ய அவர் வைத்திருந்த மெல்லிய கம்பி இப்போது என் பெட்டியில் இருக்கிறது.

போன கிழமை, என்னிடம் தொழில் பழகும் பொடியனுக்குப் பழைய படத்தின் தொடக்கத்தைத் தொலைபேசியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சொல்லும் பேசாமல் பார்த்தான். பக்கத்தில் வைத்திருந்த பிளேன்டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. முடிந்ததும், "அண்ணை, அந்தத் தேயிலை இடத்தை இன்னொருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டான்.