சலூன் திறக்க மூணு தடவ அலைஞ்சேன், கடைசியில அந்த லெட்டரே கிடையாதாம்

2020 மார்ச் 23 திங்கக்கிழமை ராத்திரி கத்திரி, சீப்பெல்லாம் கழுவி வெச்சிட்டு ஷட்டர இறக்கினதுதான். மறுநாள் செவ்வாய், எங்க தொழிலுக்கு எப்பவும் வார லீவு, அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு கொரோனாவுக்காக 144 தடை உத்தரவு போட்டாங்க. அப்புறம் 69 நாள் கழிச்சு ஜூன் 1 அன்னிக்குதான் திரும்ப தூக்குனேன். கிராமத்துல மே 19லயே சலூன் திறந்தாச்சு, 24ல மத்த டவுன் எல்லாம், சென்னைக்குதான் கடைசி. கேஸ் இங்கதானே ஜாஸ்தி, யாரை சொல்றது.

திறக்கறதுக்கு முன்னாடி நான் பண்ண முட்டாள்தனத்த முதல்ல சொல்லிடறேன். வார்டு ஆபீஸ்ல பர்மிஷன் லெட்டர் வாங்கினாதான் திறக்கலாம்னு வாட்ஸ்அப்ல எவனோ போட்டத நம்பி போனேன். மொத நாள் சீட்ல ஆளே இல்ல, எல்லாரும் மருந்து அடிக்க போயிருக்காங்கன்னாங்க. ரெண்டாவது நாள் ஒருத்தர் இருந்தார், ட்ரேட் லைசென்ஸ் குடுன்னார், குடுத்தேன், "இது மார்ச் 31ஓட முடிஞ்சு போச்சேப்பா"ன்னார். சார், அந்த மார்ச்சுலதான் ஊரே பூட்டிக்கெடந்துச்சு எங்க போய் கட்டறதுன்னா, அதெல்லாம் தெரியாது, ரசீதோட வா. கட்டலாம்னு போனா கவுன்டர் மூடியிருக்கு. மூணாவது தடவ போய் வராண்டாவுல நின்னுட்டு இருந்தப்ப, அங்க வேலை பாக்கற ஒரு அக்காதான் கூப்பிட்டு சொன்னாங்க, "தம்பி, அப்படி ஒரு லெட்டரே கிடையாது, கவர்மென்ட் சொன்னத கடைப்பிடிச்சு திறந்துக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க." அந்த அக்கா நல்லாருக்கணும். அதனால, எந்த கடையா இருந்தாலும் சரி, ஃபார்வர்ட் மெசேஜ நம்பாதீங்க, அரசோட செய்திக்குறிப்பு தமிழ்லயே வருது, அத ஒருதடவ உக்காந்து முழுசா படிச்சிடுங்க.

சரின்னு திறந்தா, ரெண்டாவது நாளே அரசோட அடுத்த உத்தரவு. வர்றவங்க பேரு, அட்ரஸ், போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதணுமாம், ஆதார் இல்லாதவங்கள உள்ள விடக்கூடாதாம். பாதி பேர் ஆள வெச்சுதான் வேலை, ஏசி போடக்கூடாது, ஏப்ரனும் கால் உறையும் ஒருதடவ போட்டு தூக்கி போடணும். இதெல்லாம் கூட ஓகே. ஆனா அப்பா காலத்துலேருந்து வர்ற பெரியவர், "ஏன்டா, உங்கப்பன் கையில தலைய குடுத்தவன்டா நானு, எங்கிட்ட ஆதார் கேக்குறியா"ன்னு வாசல்லயே சத்தம் போட்டுட்டு போயிட்டார். எனக்கு அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கல. மறுநாள் காலையில அவரே வந்தார், ஆதார லேமினேட் பண்ணி சட்டை பாக்கெட்ல வெளிய தெரியற மாதிரி சொருகிக்கிட்டு. வெயிட்டிங்ல இருந்தவங்ககிட்ட "காட்டுங்கப்பா எல்லாரும்"னு அவர்தான் அதட்டுறார்.

நோட்டு விஷயத்துல ஒண்ணு கவனம். மொத ரெண்டு நாள் டேபிள்லயே பேனா கட்டி வெச்சிருந்தேன், ஒரு பையன் சும்மா உக்காந்து பக்கம் பக்கமா புரட்டிட்டு இருந்தான், அத்தன பேரோட போன் நம்பரும் ஆதாரும் அதுல திறந்து கெடக்கு. அப்புறம் நானே எழுதி டிராயர்ல போட்டு பூட்ட ஆரம்பிச்சேன். ஏப்ரன் வாங்கினா பிளாஸ்டிக் வேணாம், ஜூன் வெயில்ல ஏசி இல்லாம அதுல உக்காந்தா முடியெல்லாம் வேர்வையோட கழுத்துல ஒட்டிக்கும், துணி மாதிரி இருக்குமே அத வாங்குங்க. கட்டிங் அப்போ 120 ரூபா, அதுல 30 ரூபா இதுக்கே போச்சு, ரேட்ட ஏத்தலாம்னா ரெண்டு மாசமா வருமானமே இல்லாத ஜனங்ககிட்ட எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு கேக்கறது.

18 நாள்தான். ஜூன் 19 திரும்ப லாக்டவுன், ஜூலை 6ல திரும்ப திறந்தோம். அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கெல்லாம் முழு ஊரடங்குன்னுட்டாங்க, ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும். சலூன்காரனுக்கு வாரத்துல சம்பாத்தியமே அந்த ஒருநாள்தான். சரி பதிலுக்கு செவ்வாய் திறக்கலாம்னு பாத்தா, கொரோனாவுக்கு பயப்படாதவன் கூட செவ்வாக்கிழமை முடிவெட்ட பயப்படுறான், நாலு பேர் வந்தா பெரிசு.

நடுவுல நம்ம கடை பையன் திருவண்ணாமலை பக்கம் ஊர்ல மாட்டிக்கிட்டான். ஊர் விட்டு ஊர் வர அப்போ வாங்க வேண்டியிருந்த இ-பாஸுக்கு நாலு தடவ போட்டோம், நாலும் ரிஜெக்ட். சாவுன்னு போடு உடனே கிடைக்கும்னு ஐடியா குடுத்தாங்க, யாரை சாகடிக்கறது, வேணாம்னுட்டேன். ஆகஸ்ட் 17லேருந்து ஆதாரோ ரேஷன் கார்டோ குடுத்தா எல்லாருக்கும் பாஸ்னு வந்ததும் அஞ்சே நிமிஷத்துல கெடச்சிடுச்சு.

செப்டம்பர் 6தான், அந்த ஞாயிறு ஊரடங்கு முடிஞ்சு கடை திறந்திருந்த மொத ஞாயிறு. காலைல ஆறரைக்கே வாசல்ல ஆள், பாதி பேர் தலையில வீட்டம்மா டிரிம்மர் போட்ட படிக்கட்டு. விதிய மீறினா சலூனுக்கு 5,000 அபராதம்னு அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவசரச் சட்டம் வந்திருந்துச்சு, அதனால ரெண்டு பேருக்கு மேல உள்ள விடல, திட்டு வாங்கினேன், பரவால்ல.

அந்த லைசென்ஸ் பணத்த ஆகஸ்ட்லயே கட்டிட்டேன். ரசீத கண்ணாடிக்கு மேலயே மாட்டி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் அத ஏறெடுத்து பாக்கல.