டெல்டாவில் செப்பிலி: ஐப்பசிக்குள் முடிக்கிற கணக்கு

இறால் குட்டை சும்மா கிடக்கிறது, செப்பிலி மீன் விடலாமா என்று வேதாரண்யம், சீர்காழி பக்கம் பலரும் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் ஐப்பசி மழை இறங்குவதற்குள் பிடித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

மார்க்கெட்டில் சங்கரா என்று போகும் சின்ன இளஞ்சிவப்பு மீனை நான் சொல்லவில்லை. அது வேறு குடும்பம், குட்டைக்கு ஆகாது. செப்பிலி (லூட்ஜானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ்) கழிமுகத்தில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குள் பாறைப் பகுதிக்குப் போகிற மீன். முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வந்த பிறகுதான் முட்டைக்குத் தயாராகும். முட்டை விடுவதும் வெளிக்கடலில்தான். ஆகவே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் கொள்ளிட முகத்துவாரத்திலும் கிடைப்பவை அநேகமாக எல்லாமே இன்னும் ஒரு தடவைகூட முட்டை விடாத மீன்கள். கால் கிலோ செப்பிலியைக் கூடை கூடையாகப் பிடித்து விற்பது எனக்கு உடன்பாடில்லை.

தூண்டில்காரர்களுக்குச் சுருக்கமாக: ராத்திரியில் இரை தேடும் மீன் இது. கடல் நீர் ஏற்றம் தொடங்கும் நேரத்தில் வேர் ஓரம், பாலத்தூண் ஓரம் கிடைக்கும். உயிர் இறால் அல்லது மடவை மீன் குஞ்சு இரை. 0.7 மி.மீ. தூண்டில் நரம்பு போதும், கொக்கிக்கு மேல் இரண்டு முழம் மட்டும் 1 மி.மீ. கட்டுங்கள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். கடித்ததும் நேராக வேருக்குள் ஓடும், விட்டுப்பிடிக்கிற வேலையே கூடாது. முத்துப்பேட்டை காப்புக்காடு என்பதால் வனத்துறையைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

இனி குட்டை. சிக்கல் குஞ்சிலேயே ஆரம்பிக்கிறது. கொடுவா மீனுக்கு, சீர்காழி பக்கத்துத் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகம் இருக்கிறது. செப்பிலிக் குஞ்சு அவ்வளவு சுலபமில்லை: பொரித்து வந்த குஞ்சின் வாய் மிகச் சிறியது, முதல் இரை விழுங்கும் நாட்களிலேயே பெரும்பகுதி செத்துவிடும். அதனால் ஆற்றில் பிடித்த குஞ்சை விற்கிறவர்கள் வருவார்கள். தூண்டிலில் பிடித்ததை வாங்காதீர்கள். தொண்டைக் காயத்தோடு ஒரு வாரம் நீந்திவிட்டுச் சாகும். உடம்பில் எட்டு வெள்ளைப் பட்டையும் கன்னத்தில் நீலக்கோடும் இருந்தால் செப்பிலிக் குஞ்சு. முதுகோரம் கரும்புள்ளி இருந்தால் அதன் ஒன்றுவிட்ட சொந்தம், வளர்ச்சி வேறு.

வந்த குஞ்சை நல்ல தண்ணீரில், காற்றுக்குழாய் ஓட, ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் செவுளில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதி உதிரும். உப்பு மாறுவதைத் தாங்கும் மீன்தான். சூட்டு வித்தியாசம்தான் ஆபத்து, பையைக் குட்டையில் மிதக்கவிட்டுப் பிறகு திறங்கள். முடிச்சில்லாத வலைத்தொட்டியில் 50 கிராம் வரை வளர்த்து, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளவு பிரியுங்கள். கொடுவா அளவுக்கு ஒன்றையொன்று தின்னாது, ஆனாலும் பெரியது சின்னதைக் கடித்து வாலைக் கிழிக்கும், அந்தப் புண்ணில் விப்ரியோ என்ற நோய்க்கிருமி ஏறும்.

50 கிராம் மீனை தை, மாசியில் விட்டால் எட்டு மாதத்தில் அரைக் கிலோவை நெருங்கும், புரட்டாசியில் பிடிக்கலாம். 10 கிராம் குஞ்சை சித்திரையில் விட்டவர் மழைக்காலத்தில் 200 கிராம் மீனை வைத்துக்கொண்டு நிற்பார்.

ஏக்கருக்கு 2,000 மீன், தண்ணீர் ஆழம் ஒன்றே கால் மீட்டருக்குக் குறையாமல். 80 சதவீதம் பிழைத்து சராசரி 450 கிராம் வந்தால் 720 கிலோ. சங்காயம் (விசைப்படகு வலையில் வரும் விலைபோகாத பொடி மீன்) போட்டு வளர்த்தால் கிலோ மீனுக்கு ஆறு கிலோ வரை இழுக்கும், ஆக நாலு டன்னுக்கு மேல் போகும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, சங்காயம் வராது. அந்தச் சமயத்தில் குட்டையில் 1,900 மீன், தலா 200 கிராம் என்றால் 380 கிலோ. உடல் எடையில் 5 சதவீதம் வைத்தால் நாளுக்கு 19 கிலோ, தடைக்காலம் முழுக்க 1,150 கிலோவுக்கு மேல். அவ்வளவையும் ஐஸ் ரூமில் வைக்க முடியாதவர்கள் பங்குனிக்குள் தீவனத்துக்குப் பழக்கிவிட வேண்டும். புரதம் 40-45 சதவீதம், மெல்ல மூழ்கும் வகை. கொடுவா மாதிரி மேலே பாய்ந்து வராது, கூச்சப்படும். விடியலிலும் அந்தியிலும் ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் அழுகும். பழக்கும்போது நறுக்கிய மீனோடு தீவனத்தைப் பிசைந்து, மீன் பங்கை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒளிந்துகொள்ள இடம் இல்லையென்றால் மீன் மிரண்டு தின்னாது. பிவிசி குழாய்த் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, கயிறு விட்டுப் போடுங்கள். இழுவை வலை போடும் அன்று தூக்கிவிடலாம். தென்னை மட்டையைப் போட்டால் அழுகித் தண்ணீர் கெடும்.

வைகாசி, ஆனியில் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்திருக்காது, வேதாரண்யம் பக்கம் உப்பு 40 பிபிடியை (லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம்) தாண்டும். குறைந்த தண்ணீரை மேலே நிரப்பினால் மட்டும் போதாது, உப்பு சேர்ந்துகொண்டே போகும். அடித்தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு நிரப்ப வேண்டும்.

மழையில் நடப்பது இதற்கு நேர்மாறு. கனமழைக்குப் பிறகு நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே தங்கும், இரண்டும் கலக்காது. கீழே ஆக்சிஜன் தீரும். அடியில் வசிக்கிற மீன் விடியற்காலையில் ஓரத்துக்கு வந்து வாய் பிளந்தால் காரணம் இதுதான். மதகின் மேல் பலகையை எடுத்து மேல்தண்ணீரை வடியவிட்டு, ராத்திரி முழுக்க ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓட்டுங்கள். அன்று தீவனம் வேண்டாம். இதையெல்லாம் செய்தும் 2018 நவம்பர் 16 கஜா புயல் மாதிரி ஒன்று வந்தால் கரையே போகும். அதனால்தான் மீன் ஒரு கிலோ ஆகட்டும் என்று ஆசைப்பட்டு அடுத்த தை வரை வைத்திருப்பதை நான் சொல்வதில்லை.

பிடிப்பதற்கு முந்தின நாள் தீவனத்தை நிறுத்துங்கள். முதுகு முள் குத்தும், கையுறை கட்டாயம். குட்டை மீன் கறுத்திருப்பதைக் காட்டி வியாபாரி விலை குறைப்பார். கடைசி ஒன்றிரண்டு மாதம் இறால் தலை கலந்த தீவனம் கொடுத்தால் சிவப்பு ஓரளவு திரும்பும். மீனுக்குச் சம எடை ஐஸ், கரைத்த ஐஸ் தண்ணீரிலேயே முக்கிக் கொல்லுங்கள். கரையில் துள்ளவிட்டால் செதில் உதிர்ந்து இன்னொரு பத்து ரூபாய் குறையும்.